கிளிங்கன், நாவி, குவென்யா: திருகோணமலையில் இருந்தபடியே புனைமொழி படிக்கத் தொடங்குவோருக்கு

ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களிலோ, வேலை முடிந்து மிஞ்சும் அரைமணி நேரத்திலோ, படங்களிலும் நாவல்களிலும் கேட்ட, ஒருவர் கற்பனையாக ஆக்கிய மொழியை, அதாவது ஒரு புனைமொழியைப் படிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொடங்குகிறவர்களில் பலர் ஒரு மாதத்துக்குள் விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பெரிய காரணம் பாடங்கள்தான். எல்லாமே ஆங்கிலத்தில், ஆங்கிலம் பேசுகிறவர்களை மனதில் வைத்து எழுதியவை. அவர்களுக்குக் கஷ்டமான வேற்றுமை உருபைப் பத்துப் பக்கத்துக்கு விளக்குவார்கள். அது நமக்குச் சின்ன வயதிலேயே வாயில் ஊறியது. நாம் இடறும் இடத்தையோ ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். எதை வேகமாகக் கடக்கலாம், எங்கே நின்று பழக வேண்டும் என்று தெரிந்துகொண்டு தொடங்கினால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஒரு குறிப்பு: சொற்களின் ஓசை விளங்குவதற்காக அவற்றை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் கொப்பியில் அப்படி எழுதாதீர்கள். ஏன் என்று 4ஆம் படியில் வருகிறது.

1. ஒரு மொழியை மட்டும் தெரிவு செய்யுங்கள்

இரண்டு மொழிகளை ஒரே நேரத்தில் தொடங்குவதுதான் முதல் பொறி. குறிப்பாகக் குவென்யாவையும் சிந்தரினையும் சேர்த்துத் தொட வேண்டாம். இரண்டும் 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் ஆக்கியவை, இரண்டும் எல்ஃப்களின் மொழிகள், சொற்களும் உறவுள்ளவை. ஒரு வசனத்தில் இரண்டும் கலந்துவிட்டால் பிரித்தெடுக்கத் தெரியாமல் நிற்பீர்கள்.

எதை எடுப்பது என்பது உங்களுக்கு என்ன செய்ய ஆசை என்பதைப் பொறுத்தது.

ஆட்களோடு பேச வேண்டுமென்றால் நாவி அல்லது கிளிங்கன். 'அவதார்' படத்துக்காக நாவியை ஆக்கிய போல் ஃப்ரோமர், 2009இல் படம் வந்த பிறகும் புதிய சொற்களையும் இலக்கண விளக்கங்களையும் தன் வலைப்பதிவில் வெளியிட்டு வந்தார். 'ஸ்டார் ட்ரெக்' கிளிங்கனுக்கு மார்க் ஓக்ரண்ட் 1985இல் அகராதி வெளியிட்டார். புதுச் சொல் என்றால் அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்பது கிளிங்கன் பேசுகிறவர்களின் கட்டுப்பாடு. இதனால் இரண்டு மொழியிலும் எது சரி, எது பிழை என்ற சண்டை குறைவு.

கைபேசியில் பாடம் பாடமாகப் போக விரும்பினால் ஹை வலீரியன். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடருக்காக டேவிட் பீற்றர்சன் ஆக்கியது. டுவோலிங்கோ என்ற மொழி கற்கும் செயலியில் 2017 முதல் இருக்கிறது. கிளிங்கன் பாடம் அங்கே 2018இல் சேர்ந்தது. செயலியைத் திறந்ததும் இவை கண்ணில் படாவிட்டால், 'எனக்குத் தெரிந்த மொழி' என்ற இடத்தில் ஆங்கிலத்தைத் தெரிவு செய்யுங்கள். இந்தப் பாடங்கள் ஆங்கிலத்தின் வழியாக மட்டுமே உண்டு. பீற்றர்சனின் இன்னொரு மொழியான டொத்ராக்கிக்கு 2014இல் ஒரு பாடநூலே வந்தது. இலக்கணம் சின்னது, பழகுவது சுலபம். ஆனால் பேசுவதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம்.

கவிதை எழுத, பெயர் பொறிக்க, அழகான கையெழுத்துப் பழக ஆசையென்றால் குவென்யா. டோல்கீன் ஆயுள் முழுவதும் தன் மொழிகளை மாற்றிக்கொண்டே இருந்தவர். முழுமையான இலக்கணம் ஒன்றை அவர் வெளியிடவில்லை. அன்றாடப் பேச்சுக்கு வேண்டிய பல சொற்கள் அவரிடம் இல்லை, பின்வந்தவர்கள் இட்டு நிரப்பியவை. அதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் ஏமாற்றம் வராது.

தமிழ் பேசுகிறவருக்கு ஒலியில் நெருங்கியது நாவி, இலக்கணத்தில் நெருங்கியது குவென்யா. சிந்தரினை முதல் மொழியாக எடுக்க வேண்டாம் என்பது என் அழுத்தமான அபிப்பிராயம். அதில் சொல்லின் முதலெழுத்தே இடத்துக்கு இடம் மாறும். ஹொபிட் என்ற குள்ள மனிதரைக் குறிக்கும் 'பெரியன்' என்ற சொல் பன்மையில் 'இ ஃபெரியன்னாத்' என்று நிற்கும். அகராதியில் அதை எந்த எழுத்தில் தேடுவது என்று தெரிவதற்கே விதி தெரிந்திருக்க வேண்டும்.

2. பொருட்களும் செலவும்

ஒரு சதமும் செலவழிக்காமல் முதல் ஆறு மாதத்தை ஓட்டலாம், டேட்டாவைத் தவிர. வேண்டியவை இவ்வளவுதான்.

ஒற்றைக்கோடு போட்ட ஒரு சீஆர் கொப்பி. சொல் அட்டைகள் வெட்ட இரண்டு பிறிஸ்டல் போட். காதில் மாட்டும் ஹெட்போன். ஒலி வேறுபாடுகள் போன் ஸ்பீக்கரில் கேட்காது.

மனனத்துக்கு 'ஆங்கி' செயலி. அன்ட்ரொயிட்டில் 'ஆங்கிட்ரொயிட்' என்ற பெயரில் இலவசம், கணினியிலும் இலவசம். ஐபோனில் மட்டும் காசு கட்ட வேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்கள் இணைய உலாவியில் 'ஆங்கிவெப்' தளத்தைத் திறந்து இலவசமாகவே படிக்கலாம். பெயரில் 'ஆங்கி' என்று ஒட்டிக்கொண்டு மாதச் சந்தா கேட்கும் வேறு செயலிகள் இருக்கின்றன. பதிவிறக்கும் முன் பெயரைச் சரிபாருங்கள்.

கிளிங்கனுக்கு 'பொக்விக்' என்ற அகராதிச் செயலி, இலவசம், இணையம் இல்லாமலும் வேலை செய்யும். நாவிக்கு 'ரெய்குன்யு', 'ஃப்வெவ்' என்ற இரண்டு இணைய அகராதிகள். குவென்யாவுக்கு 'எல்டாமோ', 'பார்ஃப் எதெல்லென்'. ஹை வலீரியனுக்கு, முன்பு டொத்ராக்கி விக்கி என்று இருந்த, பீற்றர்சனின் மொழிகளுக்கான விக்கி. வலீரியன் சொற்பட்டியலும் இலக்கண அட்டவணைகளும் அங்கேதான்.

இன்னொன்றையும் எடுத்து வையுங்கள்: பத்தாம், பதினோராம் தரத் தமிழ்ப் பாடநூல். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எழுவாய், செயப்படுபொருள், குன்றிய வினை, குன்றா வினை, வேற்றுமை உருபு ஆகிய பகுதிகளை ஒரு தடவை வாசித்துவிட்டு வாருங்கள். புனைமொழிப் பாடங்களில் வரும் கலைச்சொற்களில் முக்கால்வாசி இவைதான், ஆங்கில வேஷத்தில்.

அச்சுப் புத்தகம் வேண்டுமென்றால் ஓக்ரண்டின் அகராதி ஒன்றே போதும். 1992இல் பின்னிணைப்போடு வந்த பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள். 1985 பதிப்பில் அந்தப் பின்னிணைப்பு இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் அனுப்பும் செலவு புத்தக விலையைத் தாண்டலாம், இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலில் வங்கியில் கேளுங்கள். விலாசத்தில் 31000 என்ற தபால் குறியீடும் கைபேசி இலக்கமும் இருக்கட்டும். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். பதிவுத் தபாலை வாங்கப் போகும்போது அது உதவும்.

புத்தகத்தின் திருட்டு பிடிஎஃப்களை நம்ப வேண்டாம். அறநெறி ஒருபுறம் இருக்க, அவை படிக்கவே உதவாதவை. கிளிங்கனில் பெரிய 'ஐ' ஓர் உயிரெழுத்து, சிறிய 'எல்' ஒரு மெய்யெழுத்து. ஸ்கேன் செய்த பிரதிகளில் இரண்டும் ஒரே கோடாக மாறிக் கிடக்கும். பிழையாக மனனம் செய்த நூறு சொல்லைத் திருத்துவது, புதிதாக ஐந்நூறு சொல் படிப்பதைவிடக் கஷ்டம்.

3. போனைத் தயார்படுத்துங்கள்

பத்து நிமிட வேலை, தள்ளிப் போடாதீர்கள்.

விசைப்பலகை அமைப்புக்குள் போய், தானாகத் திருத்துவதையும் வசனத் தொடக்கத்தில் தானாகப் பெரிய எழுத்துப் போடுவதையும் நிறுத்துங்கள். கிளிங்கனில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு ஒலிகள். சிறிய 'கியூ' ஓர் எழுத்து, பெரிய 'கியூ' இன்னோர் எழுத்து. போன் தன்பாட்டில் மாற்றினால் சொல்லே மாறிவிடும். கிளிங்கனின் ஒற்றை மேற்கோள் குறியும் ஓர் எழுத்துத்தான். சில விசைப்பலகைகள் அதை வளைந்த குறியாக மாற்றிவிடும், அகராதியில் தேடினால் ஒன்றும் வராது. நேர்க்கோட்டுக் குறியைப் போடுங்கள். கணினியில் எழுதும்போது பெரிய 'ஐ'க்கு மேலும் கீழும் சிறு கோடு உள்ள எழுத்துருவாகப் பாருங்கள்; 'டைம்ஸ் நியூ ரோமன்' போதும்.

ஹை வலீரியனின் நெடில்களுக்கு மேலே கோடு உண்டு, குவென்யா நெடில்களுக்குச் சாய்ந்த குறி, நாவியில் இரண்டு உயிர்களுக்குத் தலையில் குறி. ஆங்கில விசையை அழுத்திப் பிடித்தால் இவை மேலே எழும்பி வரும். 'பிறகு போடலாம்' என்று குறியை விட்டு எழுதிப் பழகினால் பிறகு அது வராது.

மழைக்காலத்தில், ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை, மின்சாரமும் சிக்னலும் போய்ப்போய் வரும். அகராதிகளையும் ஒலிக்கோப்புகளையும் அதற்கு முன்பே போனில் இறக்கி வையுங்கள்.

4. முதல் இரண்டு வாரம் ஒலி மட்டும்

சொல் மனனத்துக்கு அவசரப்படாதீர்கள். ஒரு நாளைக்கு 20 நிமிடம் ஒலி, அவ்வளவுதான். நாவிக்கு ஃப்ரோமரின் பதிவுகள், ஹை வலீரியனுக்கு டுவோலிங்கோ ஒலி, கிளிங்கனுக்கு 1992, 1993இல் ஓக்ரண்டோடு வெளிவந்த ஒலிப்பாடங்கள் ஆகியவற்றைக் கேட்டு, உங்கள் குரலைப் பதிவுசெய்து, இரண்டையும் அடுத்தடுத்து ஓட விடுங்கள்.

தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்கக் கூடாது என்று சொன்னதன் காரணம் இங்கேதான். நம் 'ப' ஓர் எழுத்து, அது நிற்கும் இடத்தைப் பொறுத்து வன்மையாகவோ மென்மையாகவோ ஒலிக்கும். கிளிங்கனில் அந்த இரண்டும் இரு வேறு எழுத்துகள். தமிழில் எழுதியதை ஒரு வாரம் கழித்து வாசித்தால் எது எதென்று உங்களுக்கே தெரியாது.

நாவியில் வன்மையான வல்லினங்கள் மட்டுமே (கரையோரப் பேச்சுவழக்கு வேறு, அதைப் பிறகு பார்க்கலாம்). ஆங்கிலம் பேசுகிறவர்கள் 'ப', 'த', 'க' சொல்லும்போது காற்றும் சேர்ந்து வெளியேறும். அதை நிறுத்தப் படாத பாடு படுவார்கள். நமக்கு அது இயல்பிலேயே இல்லை. ஆனால் நமக்கென்று ஒரு பொறி உண்டு. எல்லாருக்கும் தெரிந்த அந்த வசனத்தை எடுங்கள்: 'ஓயெல் ஙதி கமெயியெ', உன்னைக் காண்கிறேன். நடுவிலுள்ள 'ஙதி'யைத் தமிழர் இயல்பாக வாசித்தால் 'விதி', 'நதி'யில் வரும் மெல்லிய 'தி' வந்துவிடும். நாவியில் அது 'பத்தி'யில் கேட்பதுபோல் வன்மையாக இருக்க வேண்டும், ஆனால் இரட்டிக்கக் கூடாது. உயிர்களுக்கு நடுவே வரும் ஒவ்வொரு வல்லினத்துக்கும் இதே கவனம் தேவை. சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ங' ஆங்கிலேயருக்குப் பெரும் பாடு; நமக்கு 'ங, ஙா' என்று அரிச்சுவடியில் சொன்னதுதான்.

நாவியின் வெடிப்பொலிகள் மூன்று. வணக்கம் சொல்லும் 'கல்தி'யைப் போல ஓசைப்படும் சொல்லிலேயே ஒன்று இருக்கிறது, 'த' இருக்குமிடத்தில். மூச்சைத் தொண்டையில் அடைத்துக்கொண்டு, அடைத்தபடியே 'க்', 'த்', 'ப்' என்று சொல்லிப் பாருங்கள். வாய்க்குள் இருக்கும் காற்று மட்டும் 'டக்' என்று வெடிக்கும். அதுதான்.

ஒரு கடதாசித் துண்டை வாய்க்கு முன்னால் பிடித்தால் உங்களை நீங்களே சோதிக்கலாம். நாவியின் சாதாரண 'ப'வுக்குக் கடதாசி அசையக் கூடாது. கிளிங்கனின் 'ப'வுக்கு நன்றாக அசைய வேண்டும்.

கிளிங்கனில் 26 ஒலிகள். பெரிய 'டி' நம் 'கடல்', 'படம்' என்ற சொற்களின் 'ட'. பெரிய 'எஸ்', அதே இடத்தில் நாக்கை வைத்துச் சொல்லும் 'ஷ'. இவை இரண்டும் நமக்குச் சும்மா வரும். 'ஜி, எச்' என்று சேர்த்து எழுதும் ஒலி, 'பகல்' என்பதை விரைவாகச் சொல்லும்போது நடுவில் கேட்கும் உரசலுக்குக் கிட்ட, அதைவிடக் கனமாக. சிறிய 'கியூ'வுக்கு நாக்கின் அடி உள்நாக்குப் பக்கம் போய்த் தொட வேண்டும், 'க' சொல்லும் இடத்துக்கும் பின்னால். பெரிய 'கியூ' அங்கேயே தொடங்கிக் காறும் உரசலோடு முடியும். கிளிங்கனிலேயே அந்த மொழிக்குள்ள பெயரின் முதல் ஒலி இன்னும் விசித்திரம்: நாக்கு நுனியை மேற்பல்லுக்குப் பின்னால் ஒட்டிவைத்து, நுனியை எடுக்காமலே இரு கன்னப் பக்கமும் காற்றை வெடித்து விடுவது. கண்ணாடி முன்னால் பழகுங்கள். நுனி விலகினால் வெறும் 'ட்ல' ஆகிவிடும். மேற்கோள் குறியால் எழுதும் ஒலிக்குப் பாரமான வாளியைத் தூக்கும் முன் தொண்டை ஒரு கணம் அடைபடுமே, அந்த அடைப்பு.

கிளிங்கன், நாவி இரண்டிலும் 'வ' இரண்டு உண்டு. ஒன்றுக்குக் கீழுதடு மேற்பல்லைத் தொட வேண்டும், மற்றதற்கு உதடு குவிய வேண்டும். நம் 'வ' இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் இதையும் தனியாகப் பழக வேண்டும்.

குவென்யா, ஹை வலீரியன் எடுத்தவர்களுக்கு ஒலி சுலபம். குறில் நெடில் வேறுபாடு இரண்டிலும் உண்டு, குவென்யாவில் 'பலி, பல்லி' போன்ற மெய் இரட்டிப்பும் உண்டு. ஆங்கிலப் பாடங்கள் இதற்கு ஒதுக்கும் பயிற்சிகளைத் தாண்டிப் போகலாம்.

5. இலக்கணத்தைத் தமிழிலிருந்து நேராகப் பிடியுங்கள்

ஆங்கில வசனத்தை நடுவில் வைக்காதீர்கள். பாடத்தின் ஆங்கில வசனத்தை முதலில் தமிழாக்கி எழுதுங்கள், அந்தத் தமிழிலிருந்து புனைமொழிக்குப் போங்கள்.

குவென்யாவில் இது எவ்வளவு நேராகப் பொருந்துகிறது என்று பாருங்கள். 'கிர்யா' என்றால் கப்பல். 'கிர்யல்லோ' கப்பலிலிருந்து, 'கிர்யஸ்ஸே' கப்பலில், 'கிர்யனென்' கப்பலால், 'கிர்யோ' கப்பலின். உள்துறைமுகப் பக்கம் நின்று பார்ப்பதையெல்லாம் வைத்து அன்றே வசனம் கட்டலாம். இடறும் இடம் நம் 'கு' உருபு. 'கப்பலுக்குப் போனேன்' என்று திசை சொன்னால் 'கிர்யன்னா'. 'கப்பலுக்கு வர்ணம் வாங்கினேன்' என்று அதற்காகச் செய்ததைச் சொன்னால் 'கிர்யன்'. தமிழில் இரண்டுக்கும் ஒரே உருபு போதும், அங்கே இரண்டு. 'கு' போடும் ஒவ்வொரு தடவையும் நின்று கேளுங்கள்: திசையா, பயனா? முதல் மூன்று மாதத்தில் தமிழர் விடும் பிழைகளில் இது முதலாவது.

ஹை வலீரியனில் வினை கடைசியில் வரும், நம்மைப் போலவே. உருபும் உண்டு: 'வலா' ஆள், 'வலே' ஆளை. நமக்குப் புதியது பெயர்ச்சொற்களின் நான்கு வகுப்பு. சந்திரன், சூரியன், நிலம், நீர் என்று அவற்றுக்குப் பெயர். 'ஹூரா' சந்திரன், 'வேசோஸ்' சூரியன், 'தெகோன்' நிலம், 'எம்பர்' கடல். இந்த நாலு சொல்லின் ஈறுகளே நான்கு வகுப்புக்கும் மாதிரி. பெயர்ச்சொல் எழுதும்போதே வகுப்பையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒருமை, பன்மையோடு 'ஒரு சில', 'கூட்டம்' என்று இன்னும் இரண்டு எண் உண்டு; அவற்றை முதல் இரண்டு மாதம் தொட வேண்டாம்.

நாவியில் உருபு இருப்பதால் சொல் வரிசை நம்மைப் போல் சுதந்திரம். செயப்படுபொருளுக்கு ஓர் உருபு, 'உன்னை' என்பதில் வரும் 'ஐ' போல. ஆனால் குன்றா வினையில் செய்தவருக்கும் 'ல்' என்று ஓர் உருபு வேண்டும். நமக்கு எழுவாய்க்கு உருபே கிடையாது, அதனால் அந்த 'ல்' அடிக்கடி விட்டுப்போகும். 'ஓயெ' என்றால் நான்; காண்கிறேன் என்று சொல்லும்போது அது 'ஓயெல்' ஆகிறது. 'போகிறேன்', 'தூங்குகிறேன்' போன்ற குன்றிய வினைகளுக்கு 'ல்' வேண்டாம். குன்றிய வினை, குன்றா வினைப் பாடத்தை வாசிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

நாவியின் கால இடைநிலை வினையின் வயிற்றுக்குள் போய் உட்காரும். 'தரோன்' வேட்டையாடு; 'தொலரோன்' வேட்டையாடி முடித்தல், 'தயரோன்' இனி வேட்டையாடுதல். அகராதிகளில் இடைநிலை நுழையும் இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டியிருப்பார்கள். சொல்லை அந்தப் புள்ளிகளோடேயே எழுதுங்கள். பன்மையில் முதலெழுத்து மெலிவதும் உண்டு: 'தூதே' ஆள், 'சூதே' ஆட்கள். எண்கள் எட்டின் அடிப்படையில் போகும். 'வொல்' என்பது 8, 'ஸாம்' 64. சந்தையில் விலை கேட்கும்போதெல்லாம் எட்டாக்கிச் சொல்லிப் பழகலாம்: 100 ரூபாய் என்பது ஒரு அறுபத்துநான்கு, நாலு எட்டு, நாலு ஒன்று.

கிளிங்கனில் செயப்படுபொருள் முதலில், வினை நடுவில், எழுவாய் கடைசியில். ஆங்கிலப் பாடங்கள் இதைப் பூதம் மாதிரிக் காட்டும். 'புத்தகத்தைப் படிக்கிறான் தம்பி' என்று நாம் பேச்சில் சொல்வதில்லையா? அதே வரிசை. ஒரே வித்தியாசம், அங்கே 'ஐ' உருபு கிடையாது, இடம்தான் எல்லாம். 'புக் லெக் யாஷ்' என்றால் குழந்தையைப் பார்க்கிறார் அதிகாரி. 'யாஷ் லெக் புக்' என்றால் அதிகாரியைப் பார்க்கிறது குழந்தை. வரிசை தவறினால் பொருளே தலைகீழ்.

நம் வினைமுற்றின் 'ஏன்', 'ஆய்' கடைசியில் ஒட்டும். கிளிங்கனில் அவை முன்னால் வரும், யாரை என்பதையும் சேர்த்துச் சொல்லும். 'ஜிஷோப்' நான் சாப்பிடுகிறேன். 'விஷோப்' நான் அதைச் சாப்பிடுகிறேன். எனவே 'மீன் சாப்பிடுகிறேன்' என்பதற்கு 'கோட்டி' விஷோப்' என்று வர வேண்டும். 'ஜிஷோப்' போட்டால் பிழை. இந்த முன்னொட்டு அட்டவணையைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மற்றதெல்லாம் காத்திருக்கலாம். வினைக்குப் பின்னால் வரும் விகுதிகள் ஒன்பது வகை, வரிசை மாறாமல் ஒட்டும். அடுக்கி ஒட்டுவது நமக்குப் புதிதில்லை. காலம் காட்டும் விகுதி மட்டும் கிடையாது. முடிந்ததா, தொடர்கிறதா என்பதைத்தான் காட்டும்.

6. சொற்கள்

நாளைக்கு 5 புதிய சொல், அதற்கு மேல் வேண்டாம். ஆங்கிச் செயலி பழையவற்றைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கும். பத்துப் பத்தாகச் சேர்த்தால் மூன்றாம் வாரம் தினமும் அட்டை மலையாகக் குவிந்து வெறுத்துவிடும். அட்டையின் ஒரு பக்கத்தில் தமிழ்ச் சொல், மறுபக்கத்தில் புனைமொழிச் சொல், அது எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பு. வேறொருவர் செய்த அட்டைக் கட்டை இறக்க வேண்டாம். ஆங்கிலப் பொருளின் பல அர்த்தங்களில் எது என்று தெரியாமல் குழம்புவீர்கள்.

டுவோலிங்கோ மட்டும் போதாது. அது வசனத்தைப் பழக்கும், ஏன் என்று விளக்காது. ஒரு பாடம் முடிந்ததும் அதே விஷயத்தின் அட்டவணையை விக்கியில் திறந்து கொப்பியில் எழுதுங்கள். ஒன்பதாவது வாரத்திலிருந்து தினமும் மூன்று வசனம் சொந்தமாக எழுதத் தொடங்கலாம்.

7. எதை நம்பக் கூடாது

தானியங்கி மொழிபெயர்ப்புகளை. மைக்ரோசொஃப்டின் மொழிபெயர்ப்பியில் கிளிங்கன் இருக்கிறது. சொல் வரிசையையும் முன்னொட்டையும் அடிக்கடி பிழையாகத் தரும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இன்னும் ஆபத்தானவை, இல்லாத சொல்லை இருப்பதுபோல் சரளமாக எழுதித் தரும். அவற்றிடம் வாங்கிய ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் தேடுங்கள். அகராதியில் இல்லையென்றால் அந்தச் சொல் இல்லை.

'உங்கள் பெயர் எல்ஃப் மொழியில்' என்று தரும் தளங்கள் பெரும்பாலும் எழுத்துக்கு எழுத்து மாற்றி வைப்பவை. அதை மோதிரத்தில் பொறிக்கவோ பச்சை குத்தவோ கொடுத்துவிடாதீர்கள்.

எல்டாமோவில் சொல்லுக்கு முன்னால் உள்ள சிறு குறிகளைக் கவனியுங்கள். டோல்கீனின் முந்திய காலச் சொல்லா, பிந்திய காலச் சொல்லா, ரசிகர்கள் ஆக்கியதா என்று அவை சொல்லும். அந்தக் குறியையும் உங்கள் அட்டையில் எழுதுங்கள்.

8. எழுத்து வடிவமும் அச்சடிப்பும்

குவென்யாவின் தெங்வார் எழுத்து தமிழருக்குக் கைவந்த முறை. மெய்க்கு மேல் குறி வைத்தால் அந்த மெய்யோடு உயிர் சேர்ந்து ஒலிக்கும், நம் விசிறியும் சுழியும் போல. சொல் முதலில் வரும் உயிருக்குத் தனியாக ஒரு தாங்கி உண்டு. சிந்தரினை எழுதும் வழமையான முறையில் குறி அடுத்த மெய்யின் மேல் ஏறும். இரண்டையும் குழப்பக் கூடாது. 'டெசெண்டில்' என்ற இலவசத் தளத்தில் மொழியைச் சரியாகத் தெரிவு செய்து தட்டச்சினால் சரியான வடிவம் வரும். பழைய தெங்வார் எழுத்துருவை இறக்கிவிட்டு ஆங்கில விசைகளை அப்படியே அடித்தால் வருவது வெறும் கிறுக்கல்.

தெங்வாரும் கிளிங்கன் எழுத்தும், கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் சேர்க்கப்படவில்லை. கிளிங்கன் விண்ணப்பம் 2001இல் நிராகரிக்கப்பட்டது. எனவே வேர்ட் கோப்பாகப் பிரிண்ட் கடைக்குக் கொண்டுபோனால், அங்கே அந்த எழுத்துரு இல்லாததால் கட்டம் கட்டமாக வரும். வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கி, எழுத்துருவை உள்ளே பதித்துக் கொண்டுபோங்கள். பெனியனில் அச்சடிப்பதானால் பெரிய அளவுப் படமாகக் கொடுங்கள்.

9. ஆட்களைத் தேடுங்கள்

டவுனில் கூடப் படிக்க ஓர் ஆள் கிடைத்தால் அதைப் போல் உதவி வேறில்லை. கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஞாயிறு காலை ரியூஷன் நேரம். மாலை டச்சுக் குடாப் பக்கம் ஒரு மணி நேரம் நடந்தபடி, பார்க்கும் பொருளுக்கெல்லாம் பெயர் சொல்லிப் போனாலே நல்ல பயிற்சி.

மற்றவர்கள் இணையத்தில்தான். நாவிக்காரர்களும் கிளிங்கன்காரர்களும் டிஸ்கோர்ட் என்ற அரட்டைச் செயலியில் கூடுகிறார்கள். அங்கே கணக்குத் திறக்க 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும். வீட்டு விலாசம், பாடசாலைப் பெயர் எதையும் கொடுக்காதீர்கள். கிளிங்கன் லாங்குவேஜ் இன்ஸ்டிட்யூட் 1992 முதல் இயங்குகிறது, தரப்படுத்திய பரீட்சைகளும் வைத்திருக்கிறது. அந்தச் சான்றிதழ் உங்கள் திருப்திக்கு. வேலை விண்ணப்பத்தில் தகுதியாக எடுபடாது.

நேரத்தைச் சரியாகக் கணக்கிடுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8 மணிச் சந்திப்பு என்றால் இங்கே மறுநாள் காலை 6.30, அவர்கள் கோடையில் கடிகாரத்தை முன்தள்ளும் மாதங்களில் 5.30. மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இரவு 8 மணி என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி 12.30, கோடையில் 11.30. நம் கடிகாரம் மாறாது, அவர்களுடையது மாறும். மார்ச்சிலும் ஒக்டோபர், நவம்பரிலும் ஒரு தடவை கேட்டு உறுதிப்படுத்துங்கள். திகதியும் பார்க்க வேண்டும்: அவர்களின் சனி இரவு நமக்கு ஞாயிறு காலை.

முதல் மாதம் எழுத்து அறைகளில் மட்டும் இருங்கள். வசனத்தைப் போட்டு, இது சரியா என்று கேளுங்கள். திருத்தித் தருவார்கள், எந்த விதிப்படி என்றும் சொல்வார்கள். குரல் சந்திப்புக்குப் போகும்போது கமராவை நிறுத்தி வையுங்கள், டேட்டா மிச்சமாகும். உங்கள் பெயர், ஊர், என்ன படிக்கிறீர்கள் என்று மூன்று வசனத்தை முன்கூட்டியே எழுதித் திருத்தி வைத்திருங்கள். அதோடு 'எனக்கு விளங்கவில்லை' என்ற வசனத்தையும். கிளிங்கனில் அது 'ஜியாஜ்பெ'', கடைசியில் தொண்டை அடைப்பு. அதைச் சொன்னால் மெதுவாகத் திரும்பச் சொல்வார்கள்.